லைன் கிளியர் வாங்காத போர்

ஆறே கால் பாசஞ்சர் கடக்கும்போது பால்கனியிலிருந்து பச்சைத் துண்டை ஆட்டிவிட்டுத்தான் ஞானாபரணம் பல் தேய்ப்பார். போத்தனூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. அவர் சிக்னலை எந்த டிரைவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதற்காக ஒரு ரயிலை அநாதையாக விட்டுவிட முடியுமா?

அடுத்த ஸ்டேஷன் ‘லைன் கிளியர்’ கொடுக்காமல் முப்பத்தாறு வருடத்தில் ஒரு வண்டியையும் அவர் நகர்த்தியதில்லை. மந்திரி உட்கார்ந்திருந்த வண்டியையே இருபது நிமிடம் நிறுத்தியவர். வீட்டிலும் அதே சட்டம்தான். சமையலறையிலிருந்து மனைவி அற்புதம் குரல் கொடுத்தால்தான் சாப்பாட்டு மேசைக்கே நகர்வார்.

மகன் ஜேக் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அந்நாட்டுக் கப்பற்படையில் மெக்கானிக்காக இருக்கிறான். அவன் கப்பல் போருக்குப் போய்விட்டது. போரை அறிவிக்கும் அதிகாரம் அங்கே நாடாளுமன்றத்துக்குத்தான் என்று படித்துத் தெம்பாக இருந்தவர், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜனாதிபதிக்குச் சலுகை தரும் அடுத்த சட்டத்தையும் படித்துத் தொலைத்தார்.

“ஏனுங்க முஸ்தபா, ஜனாதிபதி வண்டிய எடுத்துப்போட்டு நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொன்னாப் போதுமாமுங்க! அப்புறம் அறுபது நாள் ஓட்டலாமாம்! எதுத்தாப்புல வர்ற வண்டி அதுவரைக்கும் காத்துட்டு நிக்குமுங்களா?”

டீக்கடை முஸ்தபா ஆற்றிய டீயை நீட்டினார். “ஜனாதிபதிக்கு ஒரு மெமோ குடுத்துப் பாருங்க மாஸ்டர். பயந்துக்குவாரு.”

போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறிய அன்று, கடையில் இருந்த எல்லோருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். மறுவாரம் ஜனாதிபதி தன் வீட்டோ அதிகாரத்தால் அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தார். அந்த ரத்தை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இன்று காலை வந்த செய்தி: கிடைக்கவில்லை.

ஞானாபரணத்தின் கையில் டீ ஆடை கட்டியது.

“செவப்புக் காட்டியாச்சுங்க முஸ்தபா. டிரைவரே எறங்கி வந்து, சிக்னலப் பச்சையாக்கிட்டு ஏறிப் போய்ட்டாருங்க!”

முஸ்தபா அந்த டீயை வாங்கிக் கொட்டிவிட்டு, வேறு டீ போடப் போனார்.

அப்போதுதான் அலைபேசியில் வீடியோ அழைப்பு. ஜேக்.

“அப்பா, ஓட்டு என்னாச்சுங்க? இங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. எங்களத் திருப்பி அனுப்பிருவாங்கதானே?”

“நீ சாப்டியா கண்ணு?”

“அப்பா, உங்க மூஞ்சியே தெரியலீங்க. ஒரே இருட்டா இருக்குது.”

கேமராவின் மேல் அழுத்தியிருந்த கட்டைவிரலை ஞானாபரணம் எடுக்கவில்லை.