பெயர் கூப்பிடக் காத்திருந்த இரண்டு வாரம்

நாற்பத்தாறு வயதில் காலேஜில் சேர்கிறேன் என்றதும் ஆளாளுக்கு எனக்குப் புத்தி சொன்னார்கள். ஊர் பேசுவதை எழுதிவைக்கிற பைத்தியம் எனக்கு எப்போதும் உண்டு. எல்லாவற்றையும் வேனில் கிடக்கும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாலர் பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்கலாம் என்று கணக்கு.

"முதல் வரிசையில உக்காருங்கக்கா. தூக்கம் வந்தா வெட்கம் எழுப்பி விட்டுரும்" என்றார், நான் தினம் தே தாரிக் என்கிற நுரை டீ குடிக்கும் கடை பாய்.

"பேனா ரெண்டு வச்சுக்க. ஒண்ணு கடன் குடுக்க. அப்படித்தான் சிநேகிதம் புடிக்கணும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

காம்பார் யூனிவர்சிட்டியில் படித்து முடித்த என் மகள் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பை மூடி வச்சிராதீங்கம்மா."

அதைத்தான் நான் கேட்கவில்லை. மீன் மார்க்கெட் மாதிரி டிங் டிங் என்று ஒரே சத்தம். வேன் ஓட்டுகிறவளுக்கு ஆகுமா? மூடிவிட்டேன்.

பெரிய மண்டபத்துப் பாடங்கள் நன்றாகத்தான் போயின. பேனாவும் கடன் போனது. குரூப் குரூப்பாகப் பிரித்து நடத்தும் சின்ன வகுப்பு மட்டும் எப்போது என்று தெரியவில்லை. பட்டியல் போட்டுப் பெயர் கூப்பிடுவார்கள் என்று இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

சும்மா இருந்ததற்கும் காரணம் உண்டு. நான் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் நானும் விடியலில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, போய் நின்றிருக்கிறேன். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், கங்காணி அன்றைக்குப் பால் வெட்ட வேண்டிய மர வரிசையை, நிரையை, காட்டுவார். நாமாக வாய் திறந்து நல்ல நிரை கேட்டால் போச்சு, அட்டை கடிக்கிற பள்ளத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கூப்பிடும் வரை பேசாமல் நிற்பவள்தான் கெட்டிக்காரி. வெளியே ஊர்க்கதை பேசுகிற என் வாய், வரிசை என்று வந்தால் தானாக மூடிக்கொள்ளும்.

மூன்றாவது திங்கட்கிழமை பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி எந்த குரூப்பு?"

"இன்னும் கூப்பிடலையே."

"யாரு கூப்பிடுவா? நாமதானே பேரு போடணும்! வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினாங்களே லா!"

காலேஜ் ஆபீஸ் கவுண்டருக்கு ஓடினேன். அங்கிருந்த மலாய்க்காரப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "காலை குரூப் சூடா பெனு, காக்" என்றாள். நிரம்பிவிட்டது அக்கா என்கிறாள். மிச்சமிருந்தது மதியம் ஒரு மணி குரூப். அதில் போனால் பிள்ளைகளை யார் ஏற்றுவது? வேனை விட்டால் சோறு இல்லை, வகுப்பை விட்டால் டிப்ளோமா இல்லை.

"யாராச்சும் மாத்திக்கிட்டா போட்டுத் தரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள் மலாயில்.

மறுநாள் பாடம் முடிந்ததும் எழுந்து நின்றேன். பாதி மலாய், பாதி நம் பாஷை. "நான் வேன் ஓட்டுறேன். மதியம் பிள்ளைங்க கேட்டுல நிப்பாங்க. காலை குரூப்ல யாராச்சும் எனக்கு மாத்திக் குடுக்க முடியுமா?"

பள்ளத்து நிரைதான் நமக்கு என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்பியது.

"காலையில எழும்புறதே எனக்கு சாவு ஆன்ட்டி. எடுத்துக்குங்க, நான் மதியம் போறேன்."

இன்னும் இரண்டு கைகள் எழுந்தன. "அடப்பாவிங்களா, எல்லாரும் தூங்குமூஞ்சியா!" என்றேன். மண்டபமே சிரித்தது. அன்றைக்கே கவுண்டரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

புதிதாகக் காலேஜ் போகிறவர்களே, பாய் சொன்னதும் எதிர்வீட்டுக்காரி சொன்னதும் உண்மைதான், செய்து பாருங்கள். ஆனால் முதல் வாரமே கவுண்டருக்குப் போய், எனக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்டதற்காக யாரும் பள்ளத்துக்கு அனுப்பமாட்டார்கள்.

முதல் சின்ன வகுப்பில் விரிவுரையாளர் பட்டியல் வாசித்தார். என் பெயர் கடைசியில் பேனாவால் எழுதியிருந்தது. "இருக்கேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவரே நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளி கேட்டில் வேன் நின்றது.