சித்தப்பா தலையில் சித்தி ஒட்டிய வயர்கள்

மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிறவர்களின் தலையில் வயர் ஒட்டுவதுதான் என் சித்திக்கு வேலை. முடியை வகிர்ந்து, பசை தடவி, ஒவ்வொன்றாக ஒட்டுவாள். அதற்கு முன், எதற்காக மூளையைப் பதிவு செய்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த விஷயத்தில் சித்தி மகா கறார். "எனக்கு எல்லாம் தெரியும்மா" என்று அலுத்துக்கொண்ட பேராசிரியரிடம்கூட முழுவதையும் ஒப்பித்துவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறந்தாள்.

அப்பேர்ப்பட்டவள் கோட்டை விட்டது தன் வீட்டுக்காரரிடம். சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறக்கக் கூலி கேட்கிற ரகம். மிச்சமிருக்கும் முடியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை படியச் சீவியிருப்பார்; அதை யாரும் தொடக்கூடாது, சித்தி உட்பட. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகள் வெளியூர் போய் வீடு வெறிச்சோடியதும் அது சித்தியை அரிக்கத் தொடங்கியது. கேலி பேசிச் சிரித்தாலும் உள்ளுக்குள் நிஜமாகவே பயந்தாள், பாவம்.

பிரியமானவர்களின் படத்தைப் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்று அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். "புது மெஷின் வந்திருக்கு. சரியா ஓடுதான்னு பார்க்கணும், வந்து உட்காருங்க" என்று சித்தப்பாவை அழைத்துப்போனாள். அவர் தலையில் வயர்களை ஒட்டினாள்; அவருக்குக் காட்டப்போகும் தெரியாத முகங்களுக்கு நடுவே தன் படத்தையும் செருகினாள்.

வயர் ஒட்டியவர் கண்ணை மூடினால், மூளையைப் பதிவு செய்யும் திரையில் கோடுகள் ஒரே சீராக அலையும். சித்திக்கு அது அத்துப்படி. முன்பின் தெரியாதவர்களையெல்லாம் சித்தப்பா நன்றாகவே பார்த்தார். சித்தியின் முகம் வந்தது. கோடுகள் சீராக அலைந்தன.

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா எட்டிப்பார்த்து, "இது எதுக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்தானே டாக்டர், அவர்கிட்ட எதுக்குச் சம்மதம்?"

"மண்டை அவரோடதாச்சேம்மா" என்று சொல்லி, டாக்டரம்மா பதிவை அழித்துவிட்டார்.

அன்று மாலை நானும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். சித்தி தட்டு வைத்த சத்தத்திலேயே வீட்டு நிலவரம் புரிந்தது. கடைசியில் வெடித்தாள்.

"ஊர்ல இருக்கிறவளையெல்லாம் பார்த்தீங்க. என் மூஞ்சிக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டீங்க. அவ்வளவு பிடிக்கலையா?"

சித்தப்பா சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார். "உன் படம் வந்ததும் எதுக்கு இந்த ஏற்பாடுன்னு புரிஞ்சுபோச்சு. என்கிட்ட கேட்க வேண்டியதை என் மண்டைகிட்ட கேட்டா? அதான் கதவைச் சாத்திட்டேன்."

"சரி, இப்ப உங்களையே கேட்கறேன். என்னைப் பிடிக்குமா?"

குரல் உடைந்திருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். சித்தப்பா தலையைத் தடவினார். பசை காய்ந்து, முடி திசைக்கொன்றாக நின்றது.

"பிடிக்காமலா இந்தத் தலையில கை வைக்க விட்டேன்?"

சித்தி எழுந்தாள். உள்ளே போய் வெந்நீரோடு வந்து அவர் பின்னால் நின்றாள்.

"கழுவி விடட்டுமா?" என்று கேட்டாள். அவர் சரி என்று சொல்லும்வரை தொடவில்லை.