நியூயார்க்கிலிருந்து வந்த கப்பல் கதவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 2013 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. சிட்னியில் வெயில் 45.8 பாகைக்கு ஏறிய நாள். அன்று அங்கே இருந்த எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். பேய் வர இருட்ட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிருபானந்தனுக்கு இது பட்டப்பகலில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது.

கிருபானந்தன் மன்னாரில் பிறந்தவன். படகில் வந்தவன். மீன்பிடிப் படகின் அடியில் பத்தொன்பது நாள் தோளோடு தோள் நெருக்கிப் படுத்து வந்தான். அதன்பின் வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம். இப்போது தற்காலிக விசாவில், மேற்குச் சிட்னியில் ஒரு களஞ்சியத்தில் சாமான் இறக்கும் வேலை. எதற்கும் முறைப்பாடு சொல்ல மாட்டான். விசா முடிவு வரும்வரை எந்தக் கடதாசியிலும் தன் பெயர் ஏறக்கூடாது என்பது அவனுடைய பயம்.

அன்று வந்த கண்டெய்னரில் கண்காட்சிச் சாமான்கள் இருந்தன. அமெரிக்கா பிரிட்டனோடு சண்டை பிடித்துத் தனிநாடான காலத்துப் பொருட்கள். காலையிலிருந்து பாதிப் பெட்டிகளை இறக்கியாகிவிட்டது. கடைசி மூலையில் கம்பளியால் சுற்றிய அகலமான பொருளொன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கோபாலகிருஷ்ணன் பட்டியலைப் பார்த்தார். அவர் திருச்சிக்காரர்.

"கப்பல் கதவாம் தம்பி. கப்பலோட அடித்தட்டு வாயை மூடுற மரக்கதவு. நியூயார்க் துறைமுகத்துல பிடிபட்ட அமெரிக்கக்காரங்களை பிரிட்டிஷ்காரன் கப்பல்லயே அடைச்சு வச்சிருந்தானாம். இருநூத்திமுப்பது வருசத்துக்கு முன்னாடி."

"ஓம் அண்ணை. சரியான பாரம் போல கிடக்கு."

"கயித்துக் கட்டை மட்டும் அவுத்து வை. பொண்ணோட டேகேர்ல இருந்து போன் வருது. பேசிட்டு வர்றேன்."

கிருபானந்தன் பெட்டிகளுக்குப் பின்னால் போனான். கட்டை அவிழ்க்கக் குனிந்தபோது ஒன்றைக் கவனித்தான். பலகைத் தரை ஈரமாக இருந்தது. வாரக்கணக்கில் பூட்டியிருந்த இரும்புப் பெட்டி, இந்த வெயில்... விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

அப்போதுதான் 'டமார்' என்று கதவு சாத்தப்பட்டது. வெளியே இரும்புத் தண்டு இறங்கும் சத்தம்.

"அண்ணை! நான் உள்ளுக்கை!"

நேரம் 2.07. வெயில் தாங்காமல் முதலாளி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். பெட்டிகளுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் யாரோ பூட்டிவிட்டார்கள். கோபாலகிருஷ்ணன் அதற்கு முன்பே மகளைக் கூட்டிவர ஓடியிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது இருட்டு மட்டும். கைபேசி சாப்பாட்டுப் பையில், அலுவலகத்தில்.

கத்தினான். இரும்பை உதைத்தான். கை வைத்த இடமெல்லாம் சுட்டது. கை மணிக்கூட்டின் ஒளிரும் பச்சை முள் 2.30 காட்டியது. சட்டை உடம்போடு ஒட்டியது. 2.50க்கு வியர்ப்பது நின்றுபோனது. அது நல்லதற்கல்ல என்று அவனுக்குத் தெரியும். படகில் ஒருவருக்கு அப்படித்தான் நின்றது.

கப்பல் கதவில் சாய்ந்து உட்கார்ந்தான்.

3.05.

'சளக்... சளக்...'

மரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம். தரை மெல்லச் சாய்ந்தது. பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தது. தலைசுற்று என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

யாரோ இருமினார்கள்.

ஒருவர் இல்லை. இடப்பக்கம் ஒன்று. காலடியில் ஒன்று. தூரத்தில், கண்டெய்னரின் நீளத்துக்கும் அப்பால்... இன்னும் பலர். பின்பு அந்த நாற்றம். வாந்தி, மூத்திரம், புண்ணில் வடியும் நீர். இந்த நாற்றத்தை அவன் அறிவான்.

"ஆர்? ஆர் அங்க?"

இருட்டில் மூச்சு மட்டும்.

அவன் தோளோடு ஒரு தோள் உரசியது. எலும்புத் தோள். குளிர்ந்த தோள்.

விலகினான். மறுபக்கமும் ஒரு தோள்.

எழ முயன்றான். கால் வரவில்லை. அவனைச் சுற்றி அசைய இடமே இல்லாமல் படுத்திருந்தார்கள்.

3.21.

தலைக்கு மேல் காலடிகள். கனத்த சப்பாத்துகள். நின்றன.

ஒரு குரல் ஆங்கிலத்தில் உரக்கக் கத்தியது. ஏதோ ஏவல். 'டெட்' என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்கு விளங்கியது.

சுற்றிலும் இருமல் நின்றது.

கைகள் வந்தன. கணுக்காலில் இரண்டு. தோளில் இரண்டு. கம்பளி முகத்தின் மேல் விழுந்தது.

"நான் சாகேல்லை! விடுங்கோ... எனக்கு உயிர் இருக்கு!"

ஒரு விரல் அவன் உதட்டில் பட்டது. அழுத்தியது.

"ஷ்ஷ்..."

அவனைத் தூக்கினார்கள்.

கிருபானந்தனைக் கண்டெய்னருக்குள் விட்டு வந்தது கோபாலகிருஷ்ணனுக்கு 4.20க்குத்தான் உறைத்தது. அவனைக் கைபேசியில் கூப்பிட்டார்; அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காரில் பறந்து வந்தார். 4.45க்கு, கை சுடச்சுட, இரும்புத் தண்டைத் தூக்கிக் கதவைத் திறந்தார். பெட்டிகள் அப்படியே இருந்தன. கப்பல் கதவு அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பளியைக் காணோம். ஆளையும் காணோம்.

களஞ்சியத்தின் பின்பக்கம் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியல் ஒன்று உண்டு. அங்கேதான் கண்டார். மணலில் ஒருமுழப் பள்ளம். கம்பளியில் சுற்றி, பிணத்துக்குப் போல கைகளைச் சேர்த்து வைத்தபடி, மார்பு வரை மணல் மூடிக் கிடந்தான் கிருபானந்தன். முகம் மட்டும் வெளியே. மூச்சு இருந்தது.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நாலு நாள். "இன்னும் அரை மணித்தியாலம் உள்ளே இருந்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்" என்றார் டொக்டர்.

"நீயே எப்படியோ வெளிய வந்துட்ட தம்பி. வெயில்ல புத்தி தடுமாறி மணல்ல படுத்திருக்க," என்றார் கோபாலகிருஷ்ணன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. களஞ்சியத்தின் கமராப் பதிவை அவர் மூன்று தரம் போட்டுப் பார்த்திருந்தார். 2.07க்குக் கதவு மூடுகிறது. 4.45க்கு அவரே திறக்கிறார். இடையில் அந்தக் கதவு அசையவே இல்லை.

முறைப்பாடு எதுவும் எழுதப்படவில்லை. கிருபானந்தன் வேண்டாம் என்றுவிட்டான்.

மார்ச் மாதம் கண்காட்சி தொடங்கியது. இருவரும் போனார்கள். கப்பல் கதவுக்குப் பக்கத்தில் இருந்த அட்டையை கோபாலகிருஷ்ணன் தமிழில் சொல்லச் சொல்ல, கிருபானந்தன் கேட்டுக்கொண்டு நின்றான். இரவில் கைதிகளை அடியில் இறக்கி இந்தக் கதவால் மூடிவிடுவார்கள். காலையில் காவலர் திறந்து, "கலகக்காரரே, உங்கள் பிணங்களை வெளியே எடுங்கள்" என்று கத்துவார்கள். பிணங்களைக் கம்பளியில் சுற்றிக் கரைக்குக் கொண்டுபோய், ஆழமில்லாமல் மணலில் புதைப்பார்கள்.

கோபாலகிருஷ்ணன் அங்கே நிறுத்தினார். கடைசி வரியை இன்னொரு தரம் தனக்குள் வாசித்தார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"தூக்கிட்டுப் போறது காவலருங்க இல்லையாம் தம்பி. கூடப் படுத்திருந்த கைதிங்களாம். அதுக்காக அடிச்சுக்கிட்டு முன்னாடி வருவாங்களாம்... கொஞ்ச நேரம் மண்ணை மிதிக்கலாம்னு."