சாயாமல் ஓடிய ரயில்

கோபம் வந்தால் தனப்பிரியாவுக்குக் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு அவள் பேசியது பட்டறை ஆபீஸ் மின்விசிறியின் சத்தத்தைத் தாண்டவில்லை. அந்த அளவுக்குக் கோபம்.

எருமப்பட்டிப் பெண். பாலிடெக்னிக் முடித்த கையோடு சபரிநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அவனுடையது. கணினியில் வரைபடம் போடுவது அவள், கஸ்டமரிடம் பேசுவது அவன். லாரியின் நெற்றியில் புலி வேண்டுமென்றால் புலி, மயில் வேண்டுமென்றால் மயில். "செஞ்சுடலாமுங்க" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சு வராது. அதனால்தான் பட்டறை நிற்கிறது என்பான். இருக்கலாம்.

வேலை ஓய்ந்த மத்தியானங்களில் அவள் ஒரு ரயில் செய்துகொண்டிருந்தாள். கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்காக. பழைய இங்கிலாந்து ரயில் அது. வளைவு வந்தால் சைக்கிள்காரனைப் போல உள்பக்கம் சாய்ந்து, வேகம் குறையாமல் போகும். ஏறியவர்களுக்குத் தலை சுற்றுகிறது என்று ஊரே கேலி செய்து, அதை ஓரங்கட்டிவிட்டார்கள். அந்தக் கதையைப் படித்த நாளிலேயே அவளுக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழுவோடு சேர்ந்து, சம்பளம் கிம்பளம் இல்லாமல், இரண்டு வருஷம் உழைத்தாள். சாய்வு மட்டும் முழுக்க முழுக்க அவள் வேலை.

எல்லாம் முடிகிற நேரத்தில் குழுத்தலைவர் எழுதினார். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றுகிறதாம், சாய்வை நிறுத்திப் பூட்டிவிடலாமா என்று கேட்டார். அவள் உடனே பதில் போடவில்லை. ஓட்டுபவரின் பார்வையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் ரயிலும் சாயும், தலையும் சுற்றாது என்று தோன்றியது. அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ரயில் வெளியாகிவிட்டது. கழுத்துப் பிடிப்பு வந்தவனைப் போல வளைவுக்கு வளைவு விறைத்துக்கொண்டு போனது. கீழே, சாய்வைச் செய்தவர் என்று அவள் பெயர்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சுடச்சுடக் கேட்டாள். நீங்கள்தானே சம்மதித்தீர்கள் என்று பதில் வந்தது. மேலே தள்ளிப் பார்த்தால், அவள் பெயரில், "ஓகே சார், நோ ப்ராப்ளம்." ஆபீஸ் கணினியில் அவள் கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். அந்த வீட்டில் யாருக்கு எதிலும் ப்ராப்ளம் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா?

சபரிநாதன் மறைக்கவில்லை. "கஸ்டமர் கேட்டு பதில் போடாம உட்டா மரியாதையா இருக்குமா? அதான் போட்டுட்டேன்."

"அவிங்க கஸ்டமர் இல்லீங்க. அது எங்கிட்டக் கேட்டது."

வெறும் விளையாட்டுதானே, பெயர்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்களே என்று வேறு சொன்னான். அங்கேதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயாத ரயில் உலகம் பூராவும் ஓடுகிறது. அதில் ஒன்றைச் செய்யவா இரண்டு வருஷம்? நிஜ ரயிலை ஊரார் கேலி பேசி ஒழித்தார்கள். இதை ஒழித்தவன் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "சம்மதம் சொன்னது நீங்கன்னு நீங்களே எழுதுங்க."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான். அந்த ரயிலை எடுத்துவிடுங்கள், சாய்கிற ரயில் வரும் என்று கீழே அவள் சேர்த்தாள்.

"கடைசில சாரின்னு ஒண்ணு போட்டுடட்டுமா?"

"அவிங்களுக்கு எதுக்குங்க சாரி? அவிங்களுக்கு நீங்க ஒரு தப்பும் பண்ணலியே."

அவன் விரல் அப்படியே நின்றது. வாசலில் ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார். வாரேனுங்க என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.