கரடிக்கு நைட் ஷிப்ட்

கொரோனாவால் நின்றுபோயிருந்த ஆண்டாள் தேர் மறுபடி ஓடிய வருடம் அது. ஆடிப்பூரம் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதையும் இப்படி ஒரு திருவிழாவோடோ, பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்த நாளோடோ சேர்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். ஊரில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. வீட்டில் இதற்காகக் கிண்டலும் உண்டு.

எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓர் ஆடிட்டர் ஆபீசில். குடியிருப்பது ராஜபாளையத்தில். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. பஸ் பிடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நேராக எங்கள் தெருமுனையில் இருக்கும் சர்ச்சுக்குப் போய்விடுவேன். அங்கே ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில், பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியவர் தெருவில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் அக்கா. அவர்தான் ஞாயிறு பள்ளியும் நடத்துகிறார். இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்துவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் சேர்ந்து உட்காரவே மறந்துபோயிருந்தார்கள். பென்சிலுக்குக் கடி, பாய்க்குச் சண்டை. யாரோ அவருக்கு ஒரு கட்டுப் படப் புத்தகங்கள் கொடுத்திருந்தார்கள். கோபம், பயம், பொறாமை, விட்டுக்கொடுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கடைசிப் பக்கத்தில், வாசித்துக் காட்டும் பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும். கூடவே சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் என்று அட்டைகள்.

"எனக்குக் கடையப் பாக்கவே நேரம் சரியாப் போகுது தம்பி. நீங்க எந்நேரமும் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டுத்தான அலையுதீய, வந்து வாசிங்க" என்றார். மறுக்க வழியில்லை.

புத்தகங்கள் நிறைய வாசித்தவன்தான் நான். ஆனால் ஒரு கதையை வைத்து ஒரு பிள்ளைக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்க முடியுமா என்பது எனக்குப் புதுக் கேள்வி. அதைப் பார்த்துவிடும் ஆவலில்தான் போனேன். முதல் சில வாரங்களில் நான் கண்டது, பிள்ளைகள் பதிலைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான். கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மூச்சை இழுத்து மெதுவாக விட வேண்டும் என்று கோரஸாகச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இருந்தாள். எப்போதும் சுவரை ஒட்டித்தான் உட்காருவாள். அட்டைகளைக் காட்டினால் சரியான முகத்தைத் தொடுவாள். ஆனால் சத்தம் வராது. ஏதாவது கேட்டால் உதடு மட்டும் லேசாக அசையும்.

அவளைப் பற்றி அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். அவளுடைய அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர், போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்து, நன்றாகக் கேட்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் பிள்ளைக்கு வேறு ஏதோ குறை, இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். மூன்று வாரத்துக்குள் போய் அம்மா முடிவைச் சொல்ல வேண்டும். டீசி வாங்குவதா, வேண்டாமா? ஊரில் இருக்கும் மாமியாரோ போனில், தாய் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி ஆனது, வேலையை விடு என்று தினமும் சொல்கிறார். "நீங்க ஒரு தடவ நல்லாக் கவனிச்சுப் பாருங்களேன் தம்பி" என்றார் அக்கா. நான் டாக்டர் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் புத்தகம்தான். பயந்தாங்கொள்ளி முயல் ஒன்று தைரியசாலி ஆகும் கதையை எடுத்துப் போனேன். குரலை ஏற்றி இறக்கி, பிரமாதமாக வாசித்தேன். கைதட்டினார்கள். அவளும் கை தட்டினாள். ஆனால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடும் முன் நின்றுவிட்டன. அதை அப்போது பார்த்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கட்டிலிருந்து கைக்கு வந்தது ஒரு கரடிக் கதை. ஏதோ குளிர்நாட்டில் வரைந்த படங்கள். குகைக்குள் அம்மா கரடி திரும்பிப் படுத்திருக்கிறது. வெளியே நல்ல பகல். குகை வாசலில் குட்டிக் கரடி கையில் ஒரு பூவோடு நிற்கிறது. அம்மாவுக்கு மனசு சரியில்லை, அது தன்னால்தான் என்று குட்டி நினைத்து வருந்துகிறது, கடைசியில் மனம்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இதுதான் கதை. இரண்டாம் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லியிருந்தது. கேட்டேன். அம்மா கரடி ஏன் பகலில் இப்படிப் படுத்திருக்கிறது?

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்துருக்கு சார்" என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன், இது கூடத் தெரியாதா என்பதுபோல.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது நியாயமான பதிலாகப் பட்டது. "ஏலே, கரடி எந்த மில்லுல வேல பாக்கு?" என்று இன்னொருவன் அவனை மடக்கப் பார்த்தான். "ஸ்பின்னிங் மில்லுதான். முதுகப் பாரு, பூராவும் பஞ்சு."

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். கரடியின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பனித்துகள். இந்தப் பிள்ளைகள் பனி விழுவதை எங்கே பார்த்தார்கள்? விடியற்காலையில் வேலை முடிந்து வரும் அம்மாவின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அட்டைகளைப் பரப்பி, குட்டிக் கரடி எப்படி இருக்கிறது, எந்த முகம் என்று கேட்டேன். அழுத முகத்தை எடுப்பார்கள் என்று புத்தகம் எதிர்பார்த்திருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சுவரோரத்துச் சிறுமி எழுந்து வந்தாள். என் முன்னால் நின்று, உதட்டில் விரலை வைத்தாள். அறை அடங்கியது. புத்தகத்தைப் பிடித்திருந்த என் கையைக் கீழே இறக்கி, தாளின் மூலையைத் தூக்கி, உரசாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு மூச்சுக் காற்றாலேயே பேசினாள். எல்லாருக்கும் கேட்டது.

"மெதுவா வாசிங்க சார், அவிய முழிச்சிருவாவ. குட்டி அழுவல. அது காவலுக்கு நிக்கி. யாராச்சும் கூப்புட வந்தா, அம்மா தூங்குதாவன்னு சொல்லிரும்."

அதற்குப் பிறகு அறை முழுக்க ரகசியக் குரலானது. கதவுத் தாழ்ப்பாளை லேசாக மேலே தூக்கி இழுத்தால் சத்தம் வராது என்றாள் ஒருத்தி. டம்ளரைத் துணிமேல்தான் வைக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். டிவியைச் சத்தமில்லாமல் வைத்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று தாங்களே கதை கட்டிக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் தேர்ந்தவள் அந்தச் சிறுமிதான். மற்றவர்கள் சொல்வதைத் திருத்தினாள். கொலுசைக் காலுறைக்குள் போட்டுக்கொள்ளும் வித்தையை நடித்துக் காட்டினாள். வாயே திறக்காதவள் என்று சொல்லப்பட்ட பிள்ளை, குரல் என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

பாக்கிக் கதையை நானும் ரகசியக் குரலிலேயே வாசித்தேன். அம்மா கரடி கண் விழிக்கும் பக்கம் வருவதற்குள் பிள்ளைகள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அது தூங்கட்டும் என்றார்கள். புத்தகத்தைச் சத்தம் வராமல் மூடினேன்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மத்தியானத்துல எதுக்குக் கத வாசிக்கச் சொன்னேம்னு நெனச்சீய? பிள்ளைய வீட்ல இல்லன்னாத்தான் அம்மாமாரு செத்த நேரம் கண்ணசர முடியும்."

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிகளை மூடியபோது அந்தச் சிறுமிக்கு நாலு வயசு, ஐந்து வயசு இருக்கும். மில்லோ சீக்கிரமே திறந்துவிட்டது. பள்ளி திறக்கவில்லை. ஒற்றை அறை வீடு. வெளியே போய் விளையாடவும் கூடாது. பேச்சு வளர வேண்டிய வயதில், பகல் முழுக்கத் தூங்கும் அம்மாவின் பக்கத்தில் அவள் இருந்திருக்கிறாள். டீச்சர் குறை என்று நினைத்ததை, வேறெங்கும் பயன்படாத ஒரு பெரிய திறமையாகவும் பார்க்கலாமோ என்று தோன்றியது.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அக்கா அந்த அம்மாவைக் கூட்டி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"பேசாதன்னு நா ஒருநாளும் சொன்னதில்ல சார். அம்மா செத்த தூங்கிக்கிறேம்மான்னு மட்டுந்தான் சொல்லுவேன்" என்றார். பிறகு கேட்டார். "அப்ப நா வேலய விட்டாத்தான் அவளுக்குச் சத்தம் வருமா?"

அவர் சம்பளத்தில்தான் பிள்ளையின் பள்ளிக்கூடமே. அத்தனை புத்தகம் படித்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான், வருகிற சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு நீயும் வந்து கதை கேள் என்றார். அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமைதான் பள்ளிக்குப் போக வேண்டிய நாள்.

வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார். எந்தத் தாயும் அதுவரை வந்ததில்லை என்பதால் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மகள் முன்னால் உட்கார்ந்திருந்தாள், இந்தத் தடவை சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி. விட்ட இடத்திலிருந்து மெதுவாக வாசித்தேன். அம்மா கரடி கண் விழித்து, "என் கண்ணே, இங்கே வா" என்று அன்போடு அழைத்தது என்று புத்தகத்தில் இருந்தது.

பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த அம்மாவும் அப்படி எழுந்திருப்பதில்லையாம். பின்னே எப்படி என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். செல்போன் அலாரம் அடிக்கும் என்றார்கள். மில் வேன் ஹாரன் கேட்கும் என்றார்கள். என் அம்மா முதலில் திட்டத்தான் செய்யும் என்றான் ஒருவன்.

பின்னால் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, வீட்டில் பாயை விட்டு எழும்போது கேட்பதை அப்படியே கேட்டார். தூக்கக் கலக்கத்தோடு, உரக்க.

"ஏட்டி, தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சும்மா! பக்கத்து வீட்டு அத்த பிடிச்சு வச்சிட்டாவ!"

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். கணீரென்று இருந்தது. கொஞ்சம் கட்டைக் குரல். அதுவரை அந்த அறையில் யாரும் கேட்காத குரல். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே தான் பேசியது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முழிச்சிட்டேன், இனிமே பேசலாம் என்று அவள் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அம்மா அப்படிக் கேட்டால்தான் வீட்டில் சத்தம் போட அனுமதி என்று அவளாகவே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது.

திங்கட்கிழமை அக்காவும் அந்த அம்மாவும் சேர்ந்து பள்ளிக்குப் போனார்கள். டீச்சர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் மூச்சுக்குரல் அவருக்கு எப்படிக் கேட்கும்? நடந்ததைக் கேட்டுவிட்டு, அவளை முன் பெஞ்சுக்கு மாற்றி, பக்கத்தில் குனிந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்கத் தப்பில்லாமல் வாசித்திருக்கிறாள். டீசி பேச்சு அத்தோடு நின்றது.

குரல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி அவள் பேசியது பங்குனி பூக்குழித் திருவிழா நெருங்கியபோதுதான். அம்மா வேலையை விடவில்லை, நைட் ஷிப்ட்தான் இன்றைக்கும். பள்ளி விட்டதும் பிள்ளை நேராக அக்கா கடைக்கு வந்துவிடுகிறாள். இப்போது ஐந்தாம் வகுப்பு. பென்சில் வாங்க வருகிறவர்களிடம் அவள் அடிக்கும் வாயைத் தாங்க முடியவில்லை என்று அக்கா அலுத்துக்கொள்வார்.

நான் இன்னமும் சனிக்கிழமைகளில் வாசித்துக் காட்டுகிறேன். பொறுமையையும் பரிவையும் கதைகளால் கற்பிக்க முடியுமா என்ற என் கேள்விக்கு இன்றுவரை சரியான விடை கிடைக்கவில்லை. ஆனால் பேசாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை எங்கே பார்த்தாலும், இது யாருக்காக இத்தனை கவனமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வந்துவிடுகிறது.