பேர் தெரியாத நீலப்பூ

மார்கழியில் ஒரு நாள், எம்.ரெட்டியபட்டியில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். அருப்புக்கோட்டை பஸ் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும். ரோட்டோரப் பருத்திக்காட்டு வரப்பில் சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத நீலப்பூ ஒன்று தெரிந்தது. குத்தவைத்து உட்கார்ந்து போனை நீட்டினேன்.

கிட்டே போனால் பூ மங்கி, பின்னாலிருந்த மண் பளிச்சென்று விழுந்தது. தள்ளிப் பிடித்தால் பூவையே காணோம். காற்றில் பூ ஆடியது, காற்று நின்றால் என் நிழல் விழுந்தது. இருபது படமாவது எடுத்திருப்பேன். ஒன்றில் மட்டும் பூ திரை முழுக்க விரிந்து நின்றது, நடுவில் வெள்ளைக் கோடுகளோடு. குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்கு வெறும் நீலம்தான். கோடு பூவில் இருக்கிறதா, போன் வரைந்துவிட்டதா?

"ஏம்மா, எந்த ஆபீஸு?"

களைக்கொத்தோடு ஓர் அம்மா நின்றிருந்தார். காடு அவருடையது.

"ஆபீஸெல்லாம் இல்லக்கா. பூவ எடுக்கிறேன்."

"எங்க காட்டுல ஏது பூவு? பருத்தியே இப்பத்தான் மொட்டு வச்சிருக்கு."

திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இதுவா? தெனம் கொத்திப் போடுறோமே. இத வச்சு என்ன செய்யப் போற?"

என்ன செய்யப்போகிறேன்? "சும்மாதான்க்கா" என்றேன். அவர் முகம் மாறியது.

"சோலாருக்கு நெலம் கேட்டு வந்தவுகளும் மொதல்ல சும்மா போட்டோதான் எடுத்தாக. காமி, எல்லாத்தையும்."

ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். மூன்று படங்களின் ஓரத்தில் எல்லைக்கல் விழுந்திருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. "இத அழி" என்றார். அழித்தேன். கடைசியில் அந்த நல்ல படம் வந்தது. அதையும் அழிக்கப் போனேன்.

"ஏய், இரு இரு. அத என் போனுக்கு அனுப்பி விடு."

கோபமா, ஆசையா என்று புரியாமலே நம்பரை வாங்கி அனுப்பினேன். பஸ் வந்ததும் "பாத்துப் போ" என்றார்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பெருவிரலின் ஓரம், வெடித்த மண், ஒரு பச்சை மங்கல். கூடவே குரல் பதிவு: "இது என்ன பூவுன்னு சொல்லு."

பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிப் பார்த்தேன், தலைகீழாகப் பார்த்தேன். பூவே தென்படவில்லை. "ரொம்ப அழகா இருக்குக்கா" என்று அனுப்பிவைத்தேன்.

உடனே அடுத்த குரல்: "அழகயா கேட்டேன்? பேரச் சொல்லு."

"தெரியலக்கா" என்று அனுப்பினேன். அவர் சிரித்த சத்தம் மட்டும் திரும்பி வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாரா, பூவைப் பார்த்தா என்று இரண்டு தடவை போட்டுக் கேட்டும் விளங்கவில்லை.