வாழைநாரும் பிளக் ஒயரும்

வீரையனுக்கு எதையும் கட்டாமல் வைக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்து நாற்றுப் பறித்த கை. பிடியாகப் பறி, காலில் அடித்துச் சேற்றை உதறு, நாரால் சுற்றி முடி போடு. லாரி ஓட்டப் பழகி டிரைவரான பிறகும் அந்தக் கை திருந்தவில்லை. கீரை, விறகு, செருப்பு, ரேஷன் பை, எது அகப்பட்டாலும் வாழைநாரால் ஒரு கட்டு. "தூங்கையில என்னையும் சேத்துக் கட்டிப்புடுவாரு" என்று அவர் மனைவி ராசம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். தங்கமான மனுஷன், இந்த ஒரு வியாதிதான்.

கீழ்வேளூர் பக்கத்தில் அவர்கள் ஊர். மேலத்தெரு மிராசுதாரிடம் பழைய ஆஸ்டின் கார் ஒன்று இருந்தது. வீரையனின் அப்பா கண்ணுசாமி அதைக் கழுவித் துடைத்தே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரு நாள் உள்ளே உட்கார்ந்ததில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தை அத்தை பேரிலும் அத்தை வளர்த்த கிளி பேரிலும் எழுதித் தப்பித்த மிராசுதார், ஓடாமல் கிடந்த காரை மட்டும் நாகப்பட்டினத்துத் தரகரிடம் தள்ளிவிட்டார். தரகரிடமிருந்து அதை வாங்கியது கண்ணுசாமி மகன் என்று தெரிந்ததும் மிராசுதாருக்கு வந்ததே கோபம்!

"ஓட்டிக் கிழிச்சான். மழை பேஞ்சா அது நின்னுடும். என் வாசல்ல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவானுவோ, நானும் பாக்கத்தான் போறேன்" என்றார். ஊர் வாயை உலைமூடி கொண்டா மூட முடியும்? பொழுது சாய்வதற்குள் பேச்சு வீரையன் இருந்த கீழத்தெருவுக்கு வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் வீரையனின் அக்காள் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். ஐயர் இல்லாமல், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொட்டகையில் நடக்கிற கல்யாணம். கொட்டகைக்கு வயல் வரப்பு வழியாகவும் போகலாம். கீழத்தெருக்காரர்கள் அப்படித்தான் போவார்கள். கீழத்தெருப் பெண் மாலையும் கழுத்துமாக மேலத்தெருவில் போன வழக்கமே கிடையாது. "எங்க பொண்ணு மேலத்தெரு வழியா, அந்தக் காருலதான் போவும்" என்று வீரையன் சபையில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து பார்த்தால், தூறல் பட்டாலே வண்டி இருமுகிறது. எஞ்சினில் பொறி வைக்கிற பிளக்குக்குப் போகும் ஒயரெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

நாகப்பட்டினத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்த ஜெக்கரியா ஒயர்களை எடுத்துப் போட்டார்.

"இது புதுசா வந்திருக்கு. ரேடியோவுல இரைச்சல் வராது."

"காருல ரேடியோவே இல்லியே பாய்."

"அப்ப வேணாம், வைங்க."

வீரையனின் கண் சிவப்பு பிளாஸ்டிக் ஒயர் மேல் இருந்தது. சங்கக் கொடியின் அதே சிவப்பு. கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். ஜெக்கரியா வெடுக்கென்று பிடுங்கினார்.

"கொடி கட்டணும்னா பானெட் மேல கட்டுங்க. இது எஞ்சின் சூட்டுல உருகிடும். இந்தக் கறுப்பு ரப்பரப் பாருங்க. பாக்க லட்சணமில்ல, ஆனா உள்ள அசல் செம்பு."

வீரையன் அதை விரலில் இறுக்கிச் சுற்றினார். ரப்பரில் கீறல் விழவில்லை. மனசில்லாமல் சிவப்பைப் பார்த்துக்கொண்டே கறுப்பை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா வுடுங்க, என்ன?" என்றார் ஜெக்கரியா.

"சரி பாய்."

சரி என்றது வாய். கைக்கு யார் சொல்வது? மாட்டி முடித்ததும் ஒயர்கள் நாலு திசைக்கு நீட்டிக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வாழைநாரை எடுத்தார். பிளக்கின் கழுத்து வரைக்கும் இழுத்துச் சுற்றி நறுக்கென்று ஒரு கட்டு. அப்பாடா, இப்போதுதான் பார்க்க நன்றாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையிலேயே வானம் இருண்டு சாரல் பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் செவ்வந்தியும் ராசம்மாளும். பின்னால் கீழத்தெருவே நடந்து வந்தது. மேலத்தெருவில் திரும்பிப் பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறிய கார், இரண்டு முறை செருமிவிட்டு நின்றது. மிராசுதார் வீடு நாலு வீடு தள்ளி. வாசலில் போட்ட சாய்வு நாற்காலியிலிருந்து அவர் குரல் வந்தது.

"என்னடா, தள்ள ஆளு போதுமா?"

பின்னால் வந்தவர்கள் தள்ளுவதற்குக் கையை வைத்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார் வீரையன். பானெட்டைத் தூக்கினார். ராசம்மாளை முன்னால் எட்டி ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னார். பிளக்குக்குப் போகவேண்டிய நீலப் பொறி நனைந்த நார் நெடுகிலும் ஓடியது. "பாய் மோசம் பண்ணிட்டாரே" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செவ்வந்தி மாலையோடு இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட என் மாமா! நாத்து முடி மாதிரியில்ல கட்டி வச்சிருக்கீங்க? முடிய அவுக்காம எந்த நாத்து பொழைச்சிருக்கு? கட்டுறதோட ஒங்க வேல முடிஞ்சிது. அவுத்து நடுறது எங்க வேல, தள்ளி நில்லுங்க."

வயலில் அவிழ்க்கிற அதே வேகத்தில் நகத்தால் நெம்பி நாரை உருவி எறிந்தாள். ஒயர்களை விலக்கி விட்டாள். முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அடியே, பட்டுடீ!" என்று ராசம்மாள் அலறினாள்.

செவ்வந்தி உள்ளே ஏறியதும் வீரையன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கீழத்தெரு போட்ட சத்தத்தில் காக்கையெல்லாம் பறந்தது.

மிராசுதார் வாசலுக்கு நேராக வந்ததும் வீரையனே காரை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார்.

ராசம்மாளுக்கு உயிர் போய்விட்டது. "பாவி மனுஷா, என்ன பண்றீங்க?"

"எங்கப்பா இங்கதான் இந்த வண்டியக் கழுவுவாரு. ஒரு நாளு ஏறி உக்காந்ததில்ல. செத்த நேரம் இங்க உக்காந்துட்டுப் போவமே."

உட்கார்ந்திருந்தார்கள். சாரல் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. மிராசுதார் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு, வீரையன் ஸ்டார்ட்டரை இழுத்தார். முதல் இழுப்பிலேயே வண்டி கிளம்பியது.